பால்மரத்துக்கு முன் நாம் எங்கே இருந்தோம்? – மலாக்காவில் ஒரு நாள் வரலாற்று உலா



பெரு நாட்டின் கூஸ்கோ நகருக்கும் மச்சு பிச்சு மலைக்கும் உலகெங்கிலுமிருந்து மக்கள் குழுக்குழுவாகச் செல்கின்றனர். வழிகாட்டி ஒருவர் முன்னே நடக்க, இன்கா மக்கள் அடுக்கிய கற்சுவர்களைக் காண்கின்றனர். அருங்காட்சியகங்களில் அவர்களுடைய மட்பாண்டங்களையும் நெசவுகளையும் பார்க்கின்றனர். அம்மண்ணில் விளைந்த உருளைக்கிழங்கையும் சோளத்தையும் உண்டு திரும்புகின்றனர். இடிபாடு, அருங்காட்சியகம், உள்ளூர் உணவு ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் இணைக்கும் இம்முறை, வரலாறு கற்பிக்க மிகவும் ஏற்றது. அதற்காக நாம் பசிபிக் கடலைத் தாண்ட வேண்டியதில்லை. மஸ்ஜித் தானாவில் இருப்போருக்கு ஒரு பேருந்தும் ஒரு பகல் பொழுதும் போதும்.

பள்ளி விடுமுறையில் அத்தகைய உலா ஒன்றை மேற்கொண்டோம். ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள், பெற்றோர், ஆசிரியர் என முப்பத்தெட்டுப் பேர் சென்றோம். பணி ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக உடன்வந்தார். அன்று கண்டவற்றையும், அவற்றை எவ்வாறு கற்பிக்கலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

உலாவின் நோக்கம்

"நம் முன்னோர் இந்நாட்டுக்கு எதற்காக வந்தனர்?" என்று தோட்டப்புறப் பிள்ளைகளைக் கேட்டால், "பால்மரம் வெட்ட வந்தனர்" என்று உடனே பதில் வரும். அந்த விடை பொய்யன்று. பிரேசில் நாட்டு இரப்பர் விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அங்கு முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. மலாயாவில் இரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட இடமே நம் மலாக்கா மாநிலந்தான். டான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் அதனைத் தொடங்கினார். அதன் பிறகே தோட்டங்கள் பெருகின. நம் கொள்ளுப்பாட்டனார்களும் பெருந்தொகையாக வந்து சேர்ந்தனர்.

ஆனால் அவ்விடை முழுமையானதும் அன்று. 2014ஆம் ஆண்டு முதல் தொடக்கப் பள்ளியின் நான்காம் ஆண்டிலேயே வரலாறு தனிப் பாடமாக இடம்பெற்றது. பரமேசுவராவையும் துன் பேராக்கையும் பிள்ளைகள் அப்பாடத்தில் படித்தனர். அந்தக் கதையில் தங்களுக்கும் ஓர் இடம் உண்டு என்பதை மட்டும் அவர்கள் அறிவதில்லை. வரலாறு என்பது பிறருடையது, தமக்கு உள்ளது பிழைக்க வந்த கதை மட்டுமே என்ற எண்ணம் பத்து வயதிலேயே மனத்தில் படிந்துவிடுகிறது. இதனை மாற்றுவதே எங்கள் உலாவின் நோக்கம்.

பெங்காலான் கெம்பாஸ்: இரண்டு எழுத்து, இரண்டு ஆண்டு

லிங்கி ஆற்றுக்கு அப்பால், நெகிரி செம்பிலான் எல்லைக்குள் பெங்காலான் கெம்பாஸ் உள்ளது. அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறையும், அதனருகே நெட்டுக்குத்தாக நாட்டப்பட்ட பெருங்கற்களும் இங்கே உள்ளன. வடிவத்தைக் கொண்டு அவற்றை வாள், கரண்டி, சுக்கான் என்று மக்கள் அழைக்கின்றனர். வாள் எனப்படும் கல்லில் 'அல்லா' என்ற பெயர் அரபு எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளது. நம் அலோர் காஜா மாவட்டத்திலும் பல இடங்களில் இத்தகைய நெடுங்கற்கள் உண்டு. அவை வளர்கின்றன என்னும் நம்பிக்கையால் மலாய்க்காரர் அவற்றை 'பாத்து ஹீடுப்', அதாவது உயிருள்ள கல், என்பர்.

பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்தியது அங்குள்ள கல்வெட்டுத் தூண். அதில் ஒருபுறம் ஜாவி எழுத்தும், மற்றொருபுறம் பழைய காவி எழுத்தும் உள்ளன. ஜாவிப் பகுதி ஹிஜ்ரி 872 என்கிறது. அது பொது ஆண்டு 1467ஐ ஒட்டியது. காவிப் பகுதி சக ஆண்டு 1385 என்கிறது. சக ஆண்டு பொது ஆண்டு 78இல் தொடங்கும் இந்திய ஆண்டுமுறை. இரண்டையும் கூட்டச் சொன்னோம். 1463 என்ற விடையைப் பிள்ளைகளே கண்டுபிடித்தனர். இந்த நிலம் இசுலாத்தைத் தழுவிய பின்னரும் இந்திய ஆண்டுக்கணக்கு உடனடியாக மறைந்துவிடவில்லை என்பதை நாங்கள் விளக்க வேண்டியிருக்கவில்லை. கல்லே அதனைச் சொல்லிவிட்டது.

காவி எழுத்து பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்திலிருந்து கிளைத்தது. நம் தமிழெழுத்துக்கும் அதற்கும் தொலைவான மூதாதை பிராமி எழுத்தே. தன் கையெழுத்துப் புத்தகத்தில் உள்ள எழுத்துக்கு இந்தக் கல்லில் ஓர் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது என்று அறிந்தபோது ஒரு மாணவி தூணை விட்டு நகரவே மறுத்தாள்.

அத்தூணில் ஒரு துளை உண்டு. பொய்ச் சத்தியம் செய்தவன் கையை நுழைத்தால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது பழைய நம்பிக்கை. எங்கள் குழுவில் தந்தையர் சிலர் அருகில் செல்லவே தயங்கியதைக் கண்டு பிள்ளைகள் சிரித்து மகிழ்ந்தனர்!

கோத்தா சுபாய்: பெயரும் சான்றும்

அடுத்து கோலா லிங்கி சென்றோம். ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு மேலே, குன்றின்மீது செம்பூராங்கல் கோட்டையொன்றின் எச்சம் உள்ளது. பூகிஸ் படைகளுடன் ஏற்பட்ட போரின்போது ஒல்லாந்தர் 1757இல் இதனைக் கட்டினர். லிங்கி ஆற்றின் வழியே செல்லும் ஈய வணிகத்தைக் கண்காணிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பத்தாவியாவிலிருந்த ஒல்லாந்தத் தலைமை ஆளுநர் ஜேக்கப் மொசலின் மகள் பெயரால் அவர்கள் இதற்குப் 'பிலிப்பினா' என்று பெயரிட்டனர். மக்கள் வாயில் நிலைத்ததோ கோத்தா சுபாய் என்ற பெயரே. 'சுபாய்' என்பது இந்தியச் சிப்பாயைக் குறிக்கும் பழைய மலாய்ச் சொல்.

இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'சிப்பாய்' என்ற சொல்லைக் கேட்டதும், "இது தமிழர் காத்த கோட்டை" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லலாகாது. பெயர் ஒரு துப்பு, அதுவே சான்றாகிவிடாது. இந்த வேறுபாட்டைப் பத்து வயதில் கற்றுக்கொள்ளும் பிள்ளை, பிற்காலத்தில் கைப்பேசியில் வந்து குவியும் வெற்றுப் பெருமைகளை நம்பி ஏமாறாது.

சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் நம் மாவட்டத்துக்கு வந்ததற்கு உறுதியான சான்று நானிங் போரில் உண்டு. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை வரியாகக் கேட்டது கிழக்கிந்தியக் கும்பினி. நானிங் தலைவர் டோல் சைட் மறுத்தார். 1831இல் சென்ற முதல் படை தோற்றுத் திரும்பியது. பெரிய படை மீண்டும் வந்து 1832இல் தாபோ நானிங்கைக் கைப்பற்றியது. கும்பினிக்காகப் போரிட்டவர்களில் பெரும்பாலோர் மதராஸ் காலாட்படையினர். தம் வயலைக் காத்து நின்ற மலாய் உழவர்களை எதிர்த்து நம் தென்னாட்டவர் துப்பாக்கி ஏந்தினர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னோம். "அப்படியென்றால் நாம் கெட்டவர்களா, ஐயா?" என்று ஒருவன் கேட்டான். "கூலிக்குப் படையில் சேர்ந்த ஏழைகள் யாருக்காகப் போரிட்டார்கள் என்று யோசித்துப் பார்" என்றார் வழிகாட்டி. பேருந்தில் அரை மணி நேரம் இதே விவாதம் நடந்தது.

மலாக்கா நகரில்

நகரில் முதலில் போர்ட்டா டி சந்தியாகோ வாயிலைக் கண்டோம். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க்கே எழுப்பிய ஏ ஃபமோசா கோட்டையில் எஞ்சியது இந்த வாயில் ஒன்றே. பள்ளிவாசலையும் சுல்தான்களின் கல்லறைகளையும் இடித்த கற்களைக் கொண்டே அக்கோட்டை கட்டப்பட்டது. கூஸ்கோவிலும் இதுவே நடந்தது. இன்காக்களின் கதிரவன் கோயில் சுவர்மீதுதான் ஸ்பானியர் சாந்தோ டொமிங்கோ தேவாலயத்தை எழுப்பினர். மலாக்காக் கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் வெடி வைத்துத் தகர்த்தனர். இடித்துக் கட்டியவர்களின் கோட்டையையும் பின்னால் வந்தவர்கள் இடித்தனர் என்பது பிள்ளைகளுக்கு நன்கு புரிந்தது.

பின்னர் ஸ்டாதைஸ் கட்டடத்திலுள்ள வரலாற்று, இனவியல் அருங்காட்சியகத்துக்குச் சென்றோம். அங்குள்ள வணிகக் கப்பல்களையும் எடைக்கற்களையும் பார்க்கும்போது எடுத்துரைக்க வேண்டிய செய்திகள் சில உண்டு. 1512 முதல் 1515 வரை இங்கே இருந்த தொமே பிரெஸ் என்னும் போர்த்துகீசியர், மலாக்காத் துறையில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதினார். வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தார்கள் இருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் வணிகர் துணிமூட்டைகளைக் கொணர்ந்து, இங்கிருந்து நறுமணப் பொருள்களை ஏற்றிச் சென்றனர். 1510இல் கொல்லப்பட்ட பெண்டஹாரா துன் முத்தஹிர், தமிழ் முஸ்லிம் வழியில் வந்தவர். அவர் வீழ்ச்சிக்குக் காரணமான பகையில் வேறு தமிழ் வணிகர்களின் பங்கும் இருந்ததைச் செஜாரா மெலாயு கூறுகிறது. நயினா சாட்டு என்னும் தமிழ் வணிகரோ போர்த்துகீசியருக்குத் துணைநின்று, 1511க்குப் பின் பெண்டஹாரா பதவி பெற்றார். சில ஆண்டுகளுக்குள் அதனை இழந்து உயிர் துறந்தார். அவர் செய்தது சரியா என்று மாணவர்களை இரு அணியாகப் பிரித்து வாதிடச் சொல்லலாம்.

'கிளிங்' என்ற சொல் பழைய ஏடுகளில் வரும். இன்று அது நம்மைப் புண்படுத்தும் சொல். அன்று அது கலிங்கம் என்ற பெயரிலிருந்து பிறந்து, செல்வாக்குள்ள தென்னிந்திய வணிகரைக் குறித்தது. பிள்ளைகள் கேட்கும் முன்பே இதனை விளக்கிவிடுதல் நலம்.

சிட்டி கிராமத்தில் மதிய உணவு

காஜா பெராங்கில் உள்ள கம்போங் சிட்டியில் மதிய உணவுக்கு முன்னதாகவே சொல்லி வைத்திருந்தோம். மலாக்காச் சிட்டிகள், சுல்தான்கள் காலத்தில் இங்கே தங்கி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள். வணிகம் நலிந்தபின் நகர்ப்புறத்தை விட்டு இங்கே வந்து வேளாண்மை செய்தனர். ஜாலான் துக்காங் எமாசிலுள்ள ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. அதற்கான நிலத்தை 1781இல் ஒல்லாந்த அரசு, சிட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் சிட்டியிடம் வழங்கியது.

வாழையிலையில் சோறு, மீன் பிண்டாங், சம்பல் பெலாச்சான், பர்ப்பு ஆகியவை பரிமாறப்பட்டன. 'பர்ப்பு' என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்தனர். நம் பருப்புதான்! பரிமாறிய அம்மையார் மலாயில் பேசினார். நெற்றியில் திருநீறு துலங்கியது. பொங்கலுக்கு முன்னாள் முன்னோருக்குப் படைக்கும் 'போகி பார்ச்சு' பற்றியும், 'டத்தோ சாச்சார்' என்று அவர்கள் அழைக்கும் மாரியம்மன் விழா பற்றியும் கூறினார். சம்பலில் இட்ட மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர் என்பதையும், போர்த்துகீசியக் கப்பல்கள் நம் பக்கம் வந்த பின்னரே ஆசியா அதனை அறிந்தது என்பதையும் அங்கேயே சொல்லிக்கொடுத்தோம். இன்கா நாட்டினரும் மிளகாய் உண்டவர்களே.

உணவுக்குப்பின் அவ்வூரின் சிறிய அருங்காட்சியகத்தில் சிட்டிகளின் திருமண உடைகளையும் பாத்திரங்களையும் பார்த்தோம். அப்போது ஒரு தாயார் என்னிடம், "டீச்சர், இவ்வளவும் காப்பாற்றியவர்கள் பேச்சை மட்டும் எப்படி விட்டார்கள்?" என்று கேட்டார். தாய்மார் பேசிய மலாயே வீட்டு மொழியானது. தமிழ் வழிபாட்டிலும் சில சொற்களிலும் தங்கியது. வழிபாடும் சமையலும் வீட்டுக்குள்ளேயே கைமாறின. எழுத்தும் பேச்சும் அவ்வாறு கைமாற, கற்பிக்க ஓர் இடம் வேண்டும். பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவதா வேண்டாவா என்று தயங்கும் பெற்றோர்க்கு நான் தரும் விளக்கங்களை விட, அந்த இலைச்சோறு தெளிவாகப் பேசியது.

இனி செய்ய வேண்டியவை

வணிகராக வந்தோம், சிப்பாயாக வந்தோம், தோட்டத் தொழிலாளராக வந்தோம். முதல் வருகைக்குக் கோயிலும் ஏடும் சான்று. இரண்டாவதற்குப் போர்ப் பதிவுகள் உண்டு. மூன்றாவதுதான் நமக்கு மிக அண்மையானது. ஆயினும் அதன் தடயமே விரைவாக அழிகிறது. பால்மரங்கள் செம்பனையாயின, செம்பனை வீடமைப்புத் திட்டங்களாயிற்று. லயன் வீடுகளும் பெரட்டுக் களங்களும் செம்பூராங்கல்லால் கட்டப்பட்டவை அல்ல. நூறாண்டு கழித்து வழிகாட்டி சுட்டிக்காட்ட அங்கே சுவர் ஏதும் நிற்காது.

ஆதலால் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அலமாரியையாவது ஒதுக்குவோம். தாத்தாவின் உளி, பாட்டியின் பால் வாளி, மங்கு, காண்டா கம்பு, பழைய அடையாள அட்டையின் நகல், சம்பளச் சீட்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா அழைப்பிதழ் ஆகியவற்றைத் திரட்டுவோம். ஒவ்வொன்றிலும் யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டச் சொல்வோம். மூத்தோர் பேசுவதைப் பிள்ளைகளே பதிவு செய்யட்டும்.

அடுத்த விடுமுறையில் உலா செல்ல விரும்பும் பள்ளிகள், காலையில் பெங்காலான் கெம்பாஸில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் கோட்டைக் குன்றை ஏறிவிடலாம். தண்ணீர், தொப்பி, குறிப்பேடு ஆகிய மூன்றும் தேவை. மாணவர் ஒவ்வொருவரும் வீட்டு மூத்தோரிடம் கேட்ட கேள்வி ஒன்றை எழுதி எடுத்து வரவேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

அன்புடன்,
மஸ்ஜித் தானாவிலிருந்து உங்கள் ஆசிரியை