உமியும் உரிமையும்

விஞ்ஞான வரலாற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களாலும் ஆண்டுகளாலும் மட்டுமே எழுதுவது வழக்கம். கண்டுபிடிக்கப்பட்டது யார் கைக்குப் போயிற்று என்று கேட்கும்போதுதான் அது மக்கள் வரலாறாகிறது. எஞ்சினின் கதை இதற்குத் தக்க சான்று.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரை, நெல்வயல்களின் நிலம். கிழக்கே எழுவான்கரை, தென்னையும் கடற்றொழிலும் வாழும் நிலம். 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது இரு கரைகளும் ஒருங்கே தவித்தன. உழவு இயந்திரத்துக்கு டீசல் இல்லை. படகுக்கு மண்ணெண்ணெய் இல்லை. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே தாவலில் ஏறிற்று. நெல்லும் தேங்காயும் விளையும் மண், தூரதேசத்து எண்ணெய்க்காகக் கையேந்தி நின்றது. இது எஞ்சினின் பிறவிக்குணமா?

அன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் எஞ்சின் நிலக்கடலை எண்ணெயில் ஓடிற்று. வேறுபாட்டை உணர்ந்தவர் மிகச் சிலரே என ருடோல்ஃப் டீசல் பின்னர் எழுதினார். ஆனால் அச்சோதனையை வேண்டியது பிரெஞ்சு அரசு. அதன் கண், தன் ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளில் விளைந்த நிலக்கடலையின் மீதிருந்தது. பின்னர் மலிவான பெற்றோலியம் பெருகவே, எஞ்சினும் அதற்கேற்ப வார்க்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பெற்றோல் அருகியபோது ஐரோப்பாவிலும் தமிழ்நாட்டிலும் வாகனங்கள் கரிவாயுவில் ஓடின; போர் ஓய்ந்து எண்ணெய் மலிந்ததும் அவ்வறிவு கைவிடப்பட்டது.

இன்று அது மீண்டும் வேண்டப்படுகிறது. பயிர், வளரும்போது காற்றிலிருந்து பெற்ற காபனீரொட்சைட்டையே எரியும்போது திருப்பித் தருகிறது. பெற்றோலியமோ கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த காபனைப் புதிதாகக் காற்றிற் சேர்க்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகம் விறகையும் பயிர்க் கழிவையும் வாயுவாக்கி எஞ்சினை இயக்கும் ஆய்வைப் பல்லாண்டுகள் நடத்தியது. பீகாரில் 2007 முதல் உமிவாயுவில் ஓடிய எஞ்சின்கள் மின்சாரமற்ற கிராமங்களில் விளக்கேற்றின. நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. படுவான்கரைக்கு இதன் பொருளை எடுத்துரைக்க வேண்டுமா?

ஆயினும் மயங்கலாகாது. உமிவாயுவிலுள்ள தாரை நன்கு அகற்றாவிடில் எஞ்சின் அடைபடும். கழுவிய நீரைக் காவாது விட்டால் வாவியே நஞ்சாகும். எரிபொருள் எதுவாயினும் கடும் வெப்பத்தில் நைதரசன் ஒட்சைட்டுகள் எழும். எரிதலைச் செம்மைப்படுத்தி இத்தீமைகளைக் குறைப்பதே பொறியியல் ஆய்வாளர் முன்னுள்ள பணி.

ஆய்வுகூடத்தில் தீராத கேள்வியும் ஒன்றுண்டு. இந்தோனேசியாவில் செம்பனைத் தோட்டங்களுக்காகக் காடுகள் அழிந்தன. அவ்வெண்ணெயின் ஒரு பகுதி ஐரோப்பிய வாகனங்களில் எரிந்தது. பசுமையின் பெயராலும் நிலம் பறிக்கப்படலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். ஆகவே வயலைப் பறிக்காத கழிவிலிருந்தே நாம் தொடங்க வேண்டும். உமியை ஆலை முதலாளி விற்க, அதில் பிறந்த மின்சாரத்தை உழவன் விலைகொடுத்து வாங்குவானாயின், மாறியது எரிபொருள் மட்டுமே. உழவரின் கூட்டுறவுச் சங்கத்துக்கே அந்த எஞ்சின் உரியதாகும் நாளிற்றான் 1900இன் அச்சிறு சோதனை மக்களுக்குப் பயன்பட்டதாகும்.