வலிப்பு நோயுள்ள நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்தல்

வலிப்பு நோய் (பேச்சு வழக்கில் ஃபிட்ஸ்) உள்ள வளர்ப்பு நாய், பழகிய இடத்தை விட்டு வீட்டுக்குள்ளேயே சிறுநீரோ மலமோ கழிப்பது பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கிறது. வலிப்பு வரும்போது தன்னையறியாமல் போய்விடும். வலிப்பு ஓய்ந்தபின் வரும் குழப்பத்தில் இடம் தெரியாமல் போகும். வலிப்பை அடக்கக் கொடுக்கும் மருந்தால் தாகம் பெருகி, அடக்க முடியாமல் போகும். இவற்றில் எதற்கும் பிடிவாதமோ பழிவாங்கும் எண்ணமோ காரணமில்லை. அடித்தும் மூக்கைத் தரையில் தேய்த்தும் திருத்த முயல்வது நோயாளியைத் தண்டிப்பதாகும்.

நாய்களுக்கு வரும் நாள்பட்ட நரம்பு நோய்களில் வலிப்பே முதலிடம் வகிக்கிறது. நாய்களில் 0.6 முதல் 0.75 விழுக்காட்டுக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடுகின்றனர்.

வரலாறு

விலங்குகளுக்கும் வலிப்பு வரும் என்பது மிகப் பழைய காலத்திலேயே தெரிந்திருந்தது. கி.மு. 400 அளவில் எழுதப்பட்டு ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் ‘புனித நோய்’ என்ற கிரேக்க நூல், வலிப்பு கண்ட ஆட்டின் தலையைத் திறந்து பார்த்தால் மூளையில் நீர் கோத்திருப்பது தெரியும் என்று காட்டி, இந்நோய் தெய்வ சீற்றத்தால் வருவதன்று, மூளையில் பிறப்பது என வாதிட்டது. 1870இல் பெர்லினில் குஸ்தாவ் ஃபிரிட்ஷும் எட்வார்ட் ஹிட்சிக்கும் நாயின் மூளைப் புறணியில் மின்னோட்டம் செலுத்தி, உடலின் எதிர்ப்பக்கத் தசைகள் அசைவதைக் கண்டனர். மின்தூண்டலால் நாய்க்கு வலிப்பு வரவழைக்க முடியும் என்பதும் அச்சோதனைகளில் வெளிப்பட்டது. மனித வலிப்பைப் பற்றிய அறிவில் நாய்களின் பங்கு பெரிது. உரிய மதிப்பு அதற்கு இன்னும் தரப்படவில்லை.

வீட்டுத் தரை நனைவதற்கு மருந்துகளின் வரலாறும் ஒரு காரணம். பிரான்சின் மான்பெல்லியே நகரில் அந்துவான் பாலார் 1826இல் புரோமின் தனிமத்தைக் கண்டறிந்தார். விக்டோரியா அரசியின் மகப்பேறு மருத்துவர் சார்லஸ் லோகாக், பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் கட்டுப்படுத்துவதாக 1857இல் லண்டன் மருத்துவர் கூட்டமொன்றில் தெரிவித்தார். பேயர் நிறுவனம் லூமினால் என்ற பெயரில் ஃபீனோபார்பிட்டாலை 1912இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் ஆல்ஃபிரட் ஹௌப்ட்மன் அதன் வலிப்படக்கும் ஆற்றலை எழுதினார். மனிதருக்கு இவற்றைவிடச் சிறந்த மருந்துகள் பின்னர் வந்தன. ஆனால் அவற்றில் பலவற்றை நாயின் உடல் விரைந்து வெளியேற்றிவிடும். 1938இல் மனித மருத்துவத்துக்கு வந்த ஃபெனிட்டாயின் நாயின் இரத்தத்தில் சில மணி நேரமே தங்குவதால் பயன்படாமல் போயிற்று. ஆகவே தாகத்தைப் பெருக்கும் அவ்விரு பழைய மருந்துகளே நாய்க்கு வாய்த்தன. இந்தியக் கடைகளில் கார்டெனால் என்ற பெயரில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைப்பதும் ஃபீனோபார்பிட்டால்தான்.

வகைப்பாடு

பன்னாட்டுக் கால்நடை வலிப்பு நோய்ப் பணிக்குழு 2015இல் வெளியிட்ட வரையறையே இப்போது பின்பற்றப்படுகிறது. தூண்டுதல் ஏதுமின்றி, 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட இடைவெளியில் குறைந்தது இரண்டு முறை வலிப்பு வந்தால்தான் அது வலிப்பு நோய். மூளையில் கட்டி, அழற்சி, அடிபட்ட வடு போன்றவற்றால் வருவது கட்டமைப்பு வலிப்பு நோய். மரபால் வருவதும் காரணம் புலப்படாததும் தன்னியல்பு வலிப்பு நோய். இது பெரும்பாலும் 6 மாதம் முதல் 6 வயதுக்குள் தலைகாட்டும். இரத்தச் சர்க்கரைக் குறைவு, நஞ்சு ஆகியவற்றால் வரும் வலிப்பு எதிர்வினை வலிப்பு எனப்படும். அது இந்நோயில் சேராது.

பெல்ஜியன் ஷெப்பர்ட், பார்டர் காலி, லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பீகிள் ஆகிய இனங்களில் தன்னியல்பு வகை மிகுதி. லகோட்டோ ரோமஞ்ஞோலோ என்ற இத்தாலிய இனத்தின் குட்டிகளுக்கு எல்ஜிஐ2 மரபணுப் பிறழ்வால் வரும் வலிப்பு, நான்கு மாத வயதுக்குள் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். இதற்கு நேர்மாறானது குட்டை டாக்ஸண்ட் இனத்தின் லஃபோரா நோய். அது நடுவயதில் தொடங்கி ஆண்டுக்கு ஆண்டு முற்றும்; முற்றிய நாய் வளர்ப்புப் பழக்கங்களையே மறந்து, கண்ட இடத்தில் கழிக்கும்.

இந்தியாவில் இந்த வகைப்பாட்டுக்கு முன்னதாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: தடுப்பூசி போட்டாயிற்றா? டிஸ்டெம்பர் வைரஸ் தாக்கிய நாய்க்கும் வலிப்பு வரும், வெறிநோயிலும் வரும். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் எச்சில் வடித்து வலிப்பு கண்டால், எச்சிலையும் சிறுநீரையும் வெறுங்கையால் துடைக்கக் கூடாது.

வலிப்பின்போதும் பின்பும்

உடல் முழுவதும் விறைத்து வெட்டும் வலிப்பில் தானியங்கு நரம்பு மண்டலமும் கட்டிழக்கிறது. வாயில் நுரை தள்ளும், சிறுநீர்ப்பை சுருங்கிக் காலியாகும், மலமும் போகும். ஒரு வலிப்பு பெரும்பாலும் இரண்டொரு நிமிடத்தில் அடங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் அது உயிருக்கு ஆபத்து. தரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், மருத்துவமனைக்குப் போவதே முதல் வேலை. ஓய்ந்தபின் சில நிமிடம் முதல் ஒரு நாள் வரைகூட நாய் கண் தெரியாததுபோல் சுவரில் முட்டும், ஓயாமல் நடக்கும், வாசல் எது என்று அறியாது. அந்நேரத்தில் கூடத்தில் நின்றபடியே கழிப்பதும் நோயின் பகுதிதான்.

தன்னியல்பு வலிப்பு உறக்கத்திலும் ஓய்விலும் வருவதே மிகுதி. அதனால் விடியற்காலையில் படுக்கை நனைந்திருப்பதைக் கண்டவர்கள் திட்டுவதற்கு முன் வேறு தடயங்களைத் தேட வேண்டும். தாடையடி ஈரமாக இருக்கிறதா, தண்ணீர்க் கிண்ணம் இடம் மாறியிருக்கிறதா, நாய் தள்ளாடுகிறதா என்று பார்க்க வேண்டும். யாரும் காணாத வலிப்புக்கு அந்த ஈரமே பல சமயம் ஒரே சாட்சி. அதைத் தேதியிட்டுக் குறித்து வைத்தால், மருந்தின் அளவைத் தீர்மானிக்கும் மருத்துவருக்கு உதவும்.

மருந்தும் தாகமும்

ஃபீனோபார்பிட்டால் தொடங்கிய சில நாட்களிலேயே தாகமும் பசியும் கூடும். சிறுநீர் நீர்த்துப் பெருகும். பல நாய்களில் சில வாரங்களில் இது தணியும், சிலவற்றில் தங்கிவிடும். புரோமைடு உடலில் மெல்லச் சேர்ந்து, இரண்டரை முதல் மூன்று மாதத்தில்தான் நிலையான அளவை எட்டும். தாகமும் அதற்கேற்ப வளரும். ஒரு நாளில் உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது மிகைத்தாகம். 20 கிலோ நாய்க்கு இரண்டு லிட்டர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் மிச்சத்தை அளந்தாலே இது தெரிந்துவிடும்.

தரை நனைகிறதே என்று தண்ணீரைக் குறைப்பதுதான் வீடுகளில் நடக்கும் மிகக் கெடுதலான தவறு. நாய் நீரிழந்துபோகும், மருந்தால் வரும் தாகமோ குறையாது. மாத்திரையைத் திடீரென நிறுத்துவது அதைவிடக் கொடியது. அடுத்தடுத்து வலிப்பு வந்து நாய் இறக்கவும் கூடும். புரோமைடு பெறும் நாய்க்கு உணவின் உப்பளவை மாற்றக் கூடாது. உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை வெளியேற்றிவிடும், வலிப்பு திரும்பும். குறைந்தால் மருந்து தேங்கித் தள்ளாட்டம் வரும். பட்டாணியோ அப்பளமோ தட்டிலிருந்து எடுத்துப் போடும் பழக்கம் இங்கே ஆபத்தானது.

எல்லாப் பழியையும் மருந்தின்மேல் போடவும் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரக நோய், கருத்தடை செய்த பெண் நாய்க்கு வரும் சிறுநீர்க் கசிவு ஆகியவை இருக்கின்றனவா என்று சிறுநீரையும் இரத்தத்தையும் பரிசோதித்துவிட வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது வெளியே கூட்டிப்போகும் தடவைகளைக் கூட்டுவதுதான். உறங்கப் போகுமுன் ஒரு முறை கட்டாயம் வேண்டும்; தேவைப்பட்டால் நடுநிசியிலும் ஒன்று. படுக்கைக்குக் கீழே குழந்தைக்குப் போடும் ரப்பர் ஷீட் போதும். நாய் டயபர் உதவும். அடிக்கடி மாற்றாவிட்டால் தோல் புண்ணாகும். கூண்டில் பூட்டி வைப்பது தீர்வாகாது: வலிப்பு வந்தால் நாய் கம்பியில் மோதிக் காயப்படும். நனைந்த இடத்தை நொதி கலந்த கழுவுநீரால் துடைத்தால் வாடை போகும். அமோனியா கலந்தது சிறுநீர் வாடையையே நினைவூட்டி மீண்டும் அங்கேயே இழுக்கும். கருப்பு பினாயில் நாய்க்கு நஞ்சு. கற்பூரம் வயிற்றுக்குள் போனால் அதுவே வலிப்பை உண்டாக்கும். துடைக்கும் நீரில் அதைக் கலக்கும் வழக்கத்தை வலிப்பு நாய் உள்ள வீடுகள் கைவிட வேண்டும்.

இன்றைய நிலை

ஐரோப்பாவில் 2013இல் அனுமதி பெற்ற இமெபிட்டாயின், சில நாய்களுக்கு ஃபீனோபார்பிட்டாலுக்கு மாற்றாகத் தரப்படுகிறது. நாய்க்கான பொட்டாசியம் புரோமைடு மாத்திரைக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021இல் நிபந்தனையுடன் ஒப்புதல் அளித்தது.