லண்டன் சன்னலும் நான்கு அங்குலமும்

லண்டன் நகரில், செயின்ட் ஜேம்ஸ் பூங்காவை அடுத்த குவீன் ஆன்ஸ் கேட் என்னும் தெருவில், 1704-ஆம் ஆண்டையொட்டி எழுந்த செங்கல் வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. அவற்றின் சன்னல் நிலைகள் சுவரின் வெளிமுகத்தோடு ஏறக்குறைய ஒரே மட்டமாக, வெயிலும் மழையும் நேரே வந்து தாக்கும்படி அமைந்திருப்பதைக் காணலாம். 1775-இல் கட்டத் தொடங்கிய பெட்ஃபோர்டு சதுக்கத்துக்குச் சென்று பார்ப்போமானால், அங்கே சன்னல்கள் யாவும் சுவருக்குள் பின்வாங்கி, மரச்சட்டத்தின் பெரும்பகுதி செங்கல்லுக்குப் பின்னே மறைந்து, கண்ணாடியைச் சுற்றி மெல்லிய வெண்கோடு மாத்திரம் புலப்படுகிறது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளில் நேர்ந்த இம்மாறுதலுக்குக் காலத்துக்குக் காலம் மாறும் அலங்கார ருசியை மாத்திரம் காரணமாகச் சொல்லி அமைய இயலாது. நெருப்புக்கு அஞ்சி இயற்றிய சட்டம் அதன் பின்னே நிற்கிறது. அதனால் விளைந்த பெரும் பிரயோஜனமோ, மழையினின்று மரத்துக்குக் கிடைத்த ரக்ஷணை.

1666-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், புட்டிங் லேன் என்ற சந்தில் ஒரு ரொட்டிக்காரரின் அடுப்பங்கரையில் பற்றிய தீ, நான்கு நாள் நின்றெரிந்து, 13,000-க்கு மேற்பட்ட வீடுகளைச் சாம்பலாக்கியது. மறு ஆண்டிலேயே, புதிய வீடுகளின் புறச்சுவர்கள் செங்கல்லாலோ கல்லாலோதான் எழவேண்டும் என்று பாராளுமன்றம் விதித்தது. சுவர் இவ்வாறு கல்லாய் மாறிய பின்னும், சன்னலும் வாசற்காலும் மரமாகவே இருந்தன. ஒரு வீட்டின் தீ எதிர்வீட்டைத் தாவிப் பிடிப்பதற்கு அந்த மரமே வழியாகும் என்ற கவலை ஆட்சியாளரை விட்டு நீங்கவில்லை.

அக்காலத்திலேதான் இங்கிலாந்தின் சன்னலும் உருவம் மாறிக்கொண்டிருந்தது. ஈயப் பட்டைகளில் சிறுசிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, கீலில் தொங்கவிட்ட பழைய கதவுகள், காற்றின் வேகத்தில் வளைந்து நெளிந்து, இடுக்குகளின் வழியே நீரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் பதிலாக, ஒன்றன்முன் ஒன்றாக மேலும் கீழும் ஏறியிறங்கும் இரண்டு கண்ணாடிச் சட்டங்களும், இருபுறமும் பெட்டிபோல் உள்கூடான மரநிலையும், அக்கூட்டுக்குள் கப்பியின்மேல் ஓடும் கயிற்றில் தொங்கி சட்டத்தின் பாரத்தைச் சமன்செய்யும் ஈயக்குண்டுகளும் கொண்ட புதிய சன்னல், 17-ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் அரச மாளிகைகளில் இடம்பெற்று, விரைவிலே வணிகர் இல்லங்களுக்கும் வந்து சேர்ந்தது. வெளியே வீசித் திறக்கும் கதவு இல்லாமையால் புயற்காற்று அதனைப் பற்றி அலைக்கழிக்க வழியில்லை. இரு சட்டங்களும் நடுவே சந்திக்கும் குறுக்குக் கட்டைகளின் முகங்களைச் சரிவாய்ச் சீவியிருப்பதால், மூடும்போது ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டு காற்றைத் தடுக்கின்றன.

இத்தகைய சன்னலின் மரநிலை, சுவரின் வெளிமுகத்திலிருந்து குறைந்தது 4 அங்குலமாவது உள்ளே தள்ளி நிற்கவேண்டும் என்று, 1709-ஆம் ஆண்டில் அமலுக்கு வந்த கட்டடச் சட்டம் ஆணையிட்டது. 1774-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்று, குண்டுகள் தொங்கும் பெட்டி முழுவதும் செங்கல்லுக்குப் பின்னே மறையவேண்டும் என்று வரையறுத்தது. லண்டனுக்கென்று பிறந்த இவ்விதிகளைப் பிற ஊர்களும் காலப்போக்கில் பின்பற்றலாயின. சட்டம் செய்தோர் மழையைப்பற்றிச் சிந்தித்தனரோ இல்லையோ, மழைத்துளி நிலையின் பக்கவாட்டில் நேரே மோதாமல் செங்கல்லின்மேல் மோதி வழிந்துவிட, மரத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்து, எங்கே நீர் புகுந்தால் நிலை அழுகத் தொடங்குமோ அந்தச் சந்து, முற்றிலும் மறைவிடமாயிற்று.

இந்த நிலையைச் சுவரில் நிறுத்தும் முறை நுட்பமானது. அதனைச் சற்றே கவனித்துப் பார்த்தல் தகும். கொத்தனார் சுவர் எழுப்பும்போதே, சன்னல் வாயின் வெளிப்புறத்தில் அரைச் செங்கல் அகலமுள்ள விளிம்பை, அதாவது 4½ அங்குலத்தை, உதடுபோல் நீட்டிவிட்டு, உட்புறத்தை அகலமாக விட்டுவைப்பார். தச்சர் தம் பெட்டிநிலையை அறையின் உள்ளிருந்து தூக்கி அவ்விளிம்பின் பின்முகத்தோடு சேர்த்து நிறுத்தி, தூக்குக்குண்டும் மட்டப்பலகையும் வைத்துச் சரிபார்த்து, தலைப்பகுதியிலும் அடிப்பகுதியிலும் மாத்திரம் மர ஆப்புகளை அடித்து இறுக்குவார். நடுவில் ஆப்பு அடித்தால் மெல்லிய பெட்டிப்பலகை உள்ளே வளைந்து, சட்டம் ஏறாமலும் இறங்காமலும் சிக்கிக்கொள்ளும் என்பது தொழிலறிந்தவர் ஒவ்வொருவரும் இளமையிலேயே கற்ற பாடம். பின்னர் வெளிச்சந்தில், மாட்டுரோமம் கலந்த சுண்ணாம்புச் சாந்தையோ, மணலும் ஆளிவிதை எண்ணெயும் சேர்த்துப் பிசைந்த பசையையோ அழுத்திப் பூசுவர். ரோமம் சாந்து விரிசல் விடாமல் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்ப்பசையோ இறுகிய பின் நீரை உள்ளே விடாது.

நிலையின் அடிக்கட்டை பெரும்பாலும் ஓக் மரம். அதன் மேல்முகம் வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். கீழ்முகத்திலே, முன்விளிம்புக்குச் சற்று உள்ளே, விரலளவு அகலத்தில் நீளவாக்கில் ஒரு காடி ஓடும். கட்டையின் விளிம்பில் வழிந்து அடிப்புறமாக ஊர்ந்து சுவரை நோக்கிச் செல்ல முயலும் நீர், அக்காடியின் ஓரத்தை அடைந்ததும் மேலே தொடரமாட்டாமல் சொட்டாகிக் கீழே விழுந்துவிடும். காசு பெறாத இச்சிறு வெட்டு, சுவரின் ஈரத்தைத் தடுப்பதில் விலையுயர்ந்த வர்ணங்கள் பலவற்றைக் காட்டிலும் மேலானது என்பதே என் துணிபு.

வரிகளின் கதை வேறு. 1696-இல் விதித்த சன்னல் வரிக்கு அஞ்சிச் சன்னல்களைச் செங்கல்லால் அடைத்தவர் பலர். 1746 முதல் கண்ணாடியின் எடைக்கும் தீர்வை பிறந்ததால் கண்ணாடி மெலிந்தது. கண்ணாடித் தீர்வை 1845-இலும் சன்னல் வரி 1851-இலும் ஒழிந்தன. அதன்பின் அகன்று கனத்த கண்ணாடிகள் மலிந்து, குறுக்குச் சலாகைகள் மறையவே, பாரம் தாங்காமல் மூட்டுகள் பிரியாதிருக்க, சட்டத்தின் மூலைகளில் கொம்புபோல் நீளும் மரமுனைகளைத் தச்சர் விட்டுவைக்கலாயினர்.

மெதுவாக வளர்ந்து நெருங்கிய இழை கொண்ட பால்டிக் பைன் மரத்தால் ஆன பழைய சன்னல்களில், அடிக்கட்டையின் முனை அழுகினால் அப்பகுதியை மாத்திரம் அறுத்தெடுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டு, மக்கு வைத்து, வர்ணம் பூசி மறுபடி ஆளலாம். இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே காற்றை அடைத்து ஒட்டிய இக்காலத்துப் பிளாஸ்டிக் சன்னலில் ஒட்டு விட்டுப்போனால், கண்ணாடிப் பாளத்தையே கழற்றி எறிந்து வேறு வாங்கவேண்டும். பழையவற்றைப் பெயர்த்து எறிவதில் காட்டும் வேகத்தை, அவற்றைச் செப்பனிடுவதில் லண்டன்வாசிகள் பலர் காட்டாதது பெரிய நஷ்டமே.

நம் நாட்டில் புதுவீடு கட்டுவோருக்கும் ஒரு வார்த்தை. ஐப்பசி கார்த்திகை மழை சாரலாகச் சுவரில் அடிக்கும் ஊர்களில், சன்னல் நிலையைச் சுவரின் வெளிமுகத்தோடு மட்டமாக வைக்க இசையாதீர்கள். நான்கு அங்குலமேனும் உள்ளே தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அடிக்கட்டை வெளியே சரிந்திருக்கிறதா, அதன் கீழே காடி வெட்டியிருக்கிறதா என்பதைப் பூச்சுவேலை தொடங்குமுன் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள்.