அறுவடைக்குப் பிந்திய இரவுகள்: மட்டக்களப்புக் கூத்து

மட்டக்களப்பில் பெரும்போக வேளாண்மை வெட்டி, சூடடித்து, நெல் வீடு வந்து சேர மாசி, பங்குனி ஆகிவிடும். அதன்பின் வயலில் வேலை குறைவு. கையில் கொஞ்சம் நெல்லும் காசும் இருக்கும். இரவில் மழை இல்லை. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு வரும். பல ஊர்களில் இந்தக் கோடையே கூத்தின் காலம்.

கூத்தைப் பற்றி எம்மவர் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அரங்கேற்ற இரவைப் பற்றியே. ஊருக்கோ அது ஒரு நீண்ட வேலையின் முடிவு மாத்திரமே. பெரியவர்கள் அண்ணாவியாரை அழைப்பார்கள். எந்த நாடகம், வடமோடியா தென்மோடியா, யாருக்கு எந்த வேஷம் என்று தீர்மானமாகும். ஒவ்வொருவரின் பாடலும் வசனமும் தனித்தனியே எழுதிக் கொடுக்கப்படும். அதற்குச் 'சட்டங் கொடுத்தல்' என்று பெயர். பிறகு மத்தளத்துக்கும் சல்லாரிக்கும் கால் பழக வேண்டும். ஆட்டம் படிந்ததும் சதங்கை அணிவார்கள். முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப்பார்ப்பது 'அடுக்குப் பார்த்தல்'. அரங்கேற்றம் அதற்குப் பின்னரே. அதன் பின்பும் கூத்தர் வீடுவீடாகச் சென்று ஆடுவார்கள்.

வட்டக்களரியின் நடுவில் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்க, அவர்களைச் சுற்றிக் கூத்தர் ஆடுவார்கள். சனம் நாலாபக்கமும் இருந்து விடிய விடியப் பார்க்கும். வடமோடியில் பாரதப் போரும் இராமாயணப் போரும் அதிகம், உடுப்பும் பாரமானது. தென்மோடியில் காதல் கதைகள் அதிகம், ஆட்டம் நுணுக்கமானது. பிள்ளைகள் பிந்திய சாமத்தில் தாயின் மடியில் உறங்கிப்போவார்கள். ஆனாலும் பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். மாதக்கணக்காகப் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லவா? அடுத்த தலைமுறைக் கூத்தர் உருவானதும் அப்படித்தான்.

இதைப் பொற்காலமாக்கிவிடவும் கூடாது. பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். ராசா வேஷம் யாருக்கு என்பதில் குடும்பச் செல்வாக்கும் பணமும் பேசின. களரியிலும் சாதி இருந்தது. ஊர் எப்படியோ கூத்தும் அப்படியே.

படித்தவர்கள் கூத்தை நெடுங்காலம் நாட்டுப்புறத்தான் ஆட்டம் என்று ஒதுக்கினார்கள். 1956 இல் பேராசிரியர் சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியது. சிங்கள நவீன நாடகத்தின் திருப்புமுனையாக அமைந்த அது, தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்த 'நாடகம' மரபில் எழுந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் எமது கூத்தைக் கையிலெடுத்தார். 1962 இல் 'அலங்காரரூபன் நாடகம்' என்ற தென்மோடிக் கூத்தைப் பதிப்பித்தார். 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவை அறுபதுகளில் பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பட்டன. இராவணனாக ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னர் இம்மரபை விரிவாக ஆராய்ந்து 'மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்' என்ற நூலை எழுதினார்.

இந்தப் பணியால் கூத்துக்கு மதிப்பு வந்தது. ஆனால் விடியும்வரை ஆடியது சில மணிக்குச் சுருங்கியது. நாலாபக்கம் இருந்த சனம் ஒருபக்கம் போனது. இது குற்றச்சாட்டல்ல. மண்டபத்துக்கு வேறு வழியில்லை. ஆனால் மண்டபக் கூத்தால் ஊர்க் கூத்தின் இடத்தை நிரப்ப முடியாது என்பதை மறக்கலாகாது.

அந்த இடம் எவ்வளவு பெரியது என்பதை யுத்தம் காட்டியது. 1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபின் கிழக்கில் ஊர்கள் இடம்பெயர்ந்தன. இளைஞர்கள் காணாமற் போனார்கள். இரவில் வெளியே நிற்பதே ஆபத்தானது. ஒரு நாள் நிகழ்ச்சியைப் பகலுக்கு மாற்றிவிடலாம். மாதக்கணக்கான இரவுப் பழக்கத்தை எப்படி மாற்றுவது? தடைச்சட்டம் எதுவும் வேண்டியிருக்கவில்லை, ஊரடங்கே போதுமாயிருந்தது. அப்படியிருந்தும் கூத்து அழியவில்லை. இன்று ஊர்களிலும் ஆடுகிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பயில்கிறார்கள்.

புலம்பெயர்ந்த எம்மிடம் மண்டபம் இருக்கிறது, கமெரா இருக்கிறது, பணமும் இருக்கிறது. பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம். கூத்துக்கு வரும்போது விழாவில் இருபது நிமிடம் ஒதுக்கி, கைதட்டி, ஒளிநாடாவில் பதிந்து வைத்துவிட்டு, பாதுகாத்துவிட்டோம் என்கிறோம். பதிவில் ஆட்டம் இருக்கும். பழக்கும் முறை இராது. தவறிய காலை அண்ணாவியார் எப்படித் திருத்தினார் என்பதை எந்த ஒளிநாடா காட்டும்?

எம்மிடையே ஒரு காலத்தில் களரியில் ஆடியவர்கள் இருக்கிறார்கள். உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து ஓய்ந்த அவர்களுக்குத் தாளக்கட்டு இன்னும் நினைவிருக்கும். இங்கும் கோடை வருகிறது. பிள்ளைகளுக்கு விடுமுறையும் வருகிறது. ஒரு கோடை முழுவதும், வார இறுதிகளில், அவர்களில் ஒருவரிடம் பத்துப் பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, கால் பழக விடுவோம். அரங்கேறாவிட்டாலும் பரவாயில்லை. அரங்கேற்றத்தைவிட அந்தப் பழக்கத்துக்குத்தான் இப்போது அவசரம்.