கோட்டிங்கன் சேவல்கள்

சேவற்போர் கண்ட நேயர்களுக்கு அப்பறவையின் வீறாப்பை நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கழுத்திறகைச் சிலிர்த்துக்கொண்டு பாயும் அவ்வேகம் எங்கிருந்து பிறக்கிறது? உடலை ஏவுவன மூளையும் நரம்புமே என்று சென்ற நூற்றாண்டுகளில் பலர் கருதினர். அக்கருத்தை அசைத்தவை ஆறு இளஞ்சேவல்கள்.

1848-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்னும் பேராசிரியர் அவற்றைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். இரண்டிற்கு விதைகளை முழுவதும் நீக்கினார். அவை கொழுத்தன, ஆனால் சேவலைப்போல் கூவவில்லை, போரிடவில்லை, பேடைகளை நாடவுமில்லை. மற்ற நான்கிற்கும் ஒவ்வொரு விதையை மட்டும், இடம் பெயர்த்து, வயிற்றுக்குள் விட்டுவைத்தார். அவற்றுள் இரண்டிற்கு வாய்த்தது தம்முடையதன்று. ஒன்றினுடையதை மற்றொன்றிற்கு மாற்றி வைத்தார். நான்கும் குறைவற்ற சேவல்களாகவே வளர்ந்தன! பின்னர் அறுத்து நோக்கியபோது, விதை குடலோடு ஒட்டிப் புதிய இரத்தக் குழாய்களைப் பெற்றிருந்தது. பழைய நரம்புத் தொடர்போ அற்றுப் போயிருந்தது. ஆகவே செய்தி சென்ற வழி குருதியே எனத் துணிந்து, 1849-இல் நான்கே பக்கங்களில் எழுதி வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்தியோர் அரியர். 1861-இல் அவர் மறைந்தார்.

உலகம் செவிசாய்த்தது வேறொருவருக்கு. 1889-இல் பாரிஸ் நகரில், 72 வயதான பிரௌன்-செக்கார், நாய், கினிப்பன்றி ஆகியவற்றின் விதைச் சாற்றைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டு, இழந்த வலிமை மீண்டதாக அறிவித்தார். அந்த நீர்ச்சாற்றில் வேண்டிய பொருள் மிகச் சொற்பமே என்பது பின்னாளில் புலனாயிற்று. முதியவரை நிமிர்த்தியது அவரது நம்பிக்கையே போலும். அவரை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. நானும் நாற்பதைக் கடந்தவன்.

1905-இல் இலண்டனில் ஸ்டார்லிங் இத்தகைய சுரப்புகளுக்கு 'ஹார்மோன்' எனப் பெயரிட்டார். தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது அது. தமிழில் 'இயக்குநீர்' என்பர். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அதில் ஒரு சிறு மனக்குறை உண்டு: வினையாற்றுவது நீரன்று, குருதியில் மிகச் சிறிய அளவிற் கலந்து செல்லும் வேதிப்பொருள்.

சேவலுக்குரிய அப்பொருளாகிய டெஸ்டோஸ்டிரோன் 1935-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது மூளையை அடைந்து, வேட்கைக்கும் போருக்கும் உரிய பகுதிகளின் உயிரணுக்களோடு பிணைகிறது. அதன் ஒரு பகுதி அங்கேயே பெண்மைக்குரியதென நாம் எண்ணும் ஈஸ்ட்ரோஜனாக மாறிச் செயற்படுகிறது என்பது வியப்பன்றோ! ஆயினும் அது ஆணையிடும் அரசனன்று. சில பறவைகளில், தன் எல்லைக்குள் ஓர் எதிரி நுழையக் கண்டாலே ஆண்பறவையின் குருதியில் அப்பொருள் பெருகுகிறது. கண்ட காட்சியை மூளை சுரப்பிக்கு அறிவிக்க, சுரப்பி குருதி வழியே மூளைக்கு மறுமொழி விடுக்கிறது.