சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம்

மலாயாவில் பால்மரம் வெட்டிய என் தாத்தா காலத்தில், ரப்பர்த் தோட்டத்துச் சாலையில் வெள்ளைக்காரத் துரையோ அவருடைய கிராணியோ (எழுத்தர்) எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கிவிடவேண்டும். ஓரமாக ஒதுங்கி, தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் கடந்துபோகும்வரை நிற்கவேண்டும். சைக்கிள் என்னவோ அந்தத் தொழிலாளி வாயைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கியது.

1941-ல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வைத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று: இறங்காமல் போக விடுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள்.

கேட்கும் துணிவை ஊட்டியவர்களில் முதன்மையானவர் ஆர். எச். நாதன். கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' இதழில் பணியாற்றியவர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் முன்னணியில் நின்றவர். ஒரே வேலைக்குச் சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி, மருத்துவ வசதி, பெண்கள்மேல் கைவைப்பதற்கு முடிவு என்று பட்டியல் நீண்டது. கள்ளுக்கடைகளை மூடச் சொல்லியும் கேட்டார்கள். நாளெல்லாம் உழைத்த கூலியை அந்தியில் கள்ளுக்கடை விழுங்குவதைப் பார்த்தவர்களே அப்படிக் கேட்டதுதான் என்னை இன்றும் நெகிழவைக்கிறது.

ஹிட்லரை எதிர்த்துப் பிரிட்டன் போரிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மலாயா ரப்பர் போருக்குத் தேவை. அமெரிக்க டாலரையும் அதுவே ஈட்டித் தந்தது. நாஜிகள் யூதர்களுக்குச் செய்த கொடுமையோடு தோட்டத்துக் கொடுமையை நான் ஒப்பிடமாட்டேன். ஆனாலும், ஐரோப்பாவின் விடுதலைக்காகப் போரிடுவதாகச் சொன்ன அரசு, தமிழன் சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதைப் பொறுக்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார். அவரை விடுவிக்கச் சொல்லி, காந்தி குல்லா அணிந்த தொழிலாளர்கள் தோட்டம் தோட்டமாக வேலையை நிறுத்தினார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அடக்க வந்ததும் இந்தியச் சிப்பாய்கள்தான்! துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

அதே ஆண்டு டிசம்பர் 8-ல் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 ஜனவரி 11-ல் கோலாலம்பூர் வீழ்ந்தது. துரைமார் ஓடிப்போனார்கள். தோட்டத்துத் தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே மடிந்தார்கள்.

சயாம் ரயில்பாதையை நாம் ஓரளவு பேசுகிறோம். அதற்கு முந்திய மே மாதத்தையும் பேசவேண்டும். கிள்ளானில் பிள்ளை வளர்ப்பவர்கள் அந்தப் பிள்ளைக்குச் சைக்கிள் வாங்கித் தரும் அன்றைக்காவது நாதனின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.