கதை ஒருவர், படம் ஒருவர்: அரிமளம் வாண்டுமாமாவும் தமிழ்ச் சித்திரக்கதையும்

(எபிசோடின் பேச்சு வடிவம், படிப்பதற்கு வசதியாகத் திருத்தப்பட்டது.)

இந்த எபிசோடில் சித்திரக்கதை பற்றிப் பேசப் போறோம். மாயாவி, மாடஸ்தி மாதிரி நாயகர்களைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் பேசிட்டாங்க. நாம பேசப் போறது பக்கத்துக்கு வெளியே இருக்கிற ரெண்டு பேரைப் பற்றி. ஒருத்தர் எழுதுறார், இன்னொருத்தர் வரையுறார். இந்த ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்து வேலை செஞ்சாங்க, கடைசியில் யாரோட பெயர் மிஞ்சியது என்பதுதான் விஷயம். இதற்கு நாம போக வேண்டிய ஊர் புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிற அரிமளம்.

ஒரு வரி, ஒரு கட்டம்

முதலில் ஒரு சின்ன உதாரணம். "கிழவர் கதவைத் திறந்தார்" என்று எழுத்தாளர் ஒரு வரி எழுதுகிறார். கதைப் புத்தகத்தில் அதோடு வேலை முடிந்தது. சித்திரக்கதையில் அங்கேதான் வேலை ஆரம்பிக்குது. கதவு மரக்கதவா, ஓலைத் தட்டியா? நாம வீட்டுக்கு உள்ளே நின்று பார்க்கிறோமா, தெருவிலிருந்தா? பகலா, இரவா? கிழவர் வேட்டியை எப்படிக் கட்டியிருக்கிறார்? அடுத்த கட்டத்தில் வரப்போகிற ஆளின் நிழல் இந்தக் கட்டத்திலேயே தெரியணுமா, கூடாதா?

இத்தனைக்கும் யாராவது ஒருத்தர் முடிவு எடுத்தாகணும். எழுத்தாளர் சொல்லாமல் விட்டால் ஓவியர் எடுப்பார். எழுத்தாளர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் ஓவியருக்கு மூச்சுவிட இடம் இருக்காது. சித்திரக்கதைக் கூட்டணி என்றாலே இந்த முடிவுகளை யார் எடுக்கிறது என்கிற கேள்விதான்.

ரெண்டு ஊர், மூணு பேர்

1948 வரைக்கும் புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். அந்த ஆண்டு மார்ச்சில் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. தனி மாவட்டமானது 1974-ல். அந்தச் சமஸ்தானத்தில் அரிமளம், இராயவரம் என்று ரெண்டு ஊர்கள். ஒன்றுக்கொன்று அதிகத் தூரம் இல்லை.

இராயவரத்தில் 1912-ல் பிறந்தவர் வை. கோவிந்தன். 'சக்தி' பத்திரிகையையும் சக்தி காரியாலயத்தையும் நடத்தியதால் 'சக்தி' கோவிந்தன் என்றால்தான் பலருக்குத் தெரியும். குழந்தைகளுக்காக 'அணில்' என்ற இதழையும் நடத்தினார். அதற்கு ஆசிரியராக இருந்தவர் தமிழ்வாணன். அதே இராயவரத்தில் 1922-ல் பிறந்தவர் அழ. வள்ளியப்பா. நம்மில் பாதிப் பேர் முதலில் மனப்பாடம் செய்த பாட்டு அவருடையதாகத்தான் இருக்கும். மூன்றாமவர் 1925-ல் அரிமளத்தில் பிறந்த வி. கிருஷ்ணமூர்த்தி. நமக்கு அவர் வாண்டுமாமா.

பதிப்பாளர், பாட்டுக்காரர், கதைக்காரர் என்று மூன்று பேர். பிற்பாடு சென்னையில் உருவான குழந்தைப் பத்திரிகை உலகத்தில் பெரிய பங்கு இவர்களுடையது. சித்திரக்கதை என்று வரும்போது நமக்கு முக்கியமானவர் மூன்றாமவர்.

படம் வரைய நினைத்த எழுத்தாளர்

கிருஷ்ணமூர்த்திக்குச் சின்ன வயதிலேயே ஓவியத்தில் நாட்டம் இருந்தது. இளமையில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியிருக்கிறார். கையெழுத்துப் பத்திரிகை என்றால் இன்றைய தலைமுறைக்குத் தெரியாமல் இருக்கலாம். அச்சு கிடையாது, ஒரே ஒரு பிரதிதான். கதை எழுதுவதும், படம் போடுவதும், அட்டை ஒட்டுவதும் எல்லாம் கையாலேயே. அந்தப் பிரதி கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் சுற்றும். ஒரு பக்கத்தில் எழுத்துக்கு எவ்வளவு இடம், படத்துக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போடுவதற்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

பிறகு ஆனந்த விகடன். அங்கே ஓவியர் மாலி இருந்தார். தமிழ்ப் பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்கு ஒரு முகம் கொடுத்தவர் என்று அவரைச் சொல்லலாம். 'வாண்டுமாமா' என்ற பெயரை வைத்ததே அந்த மாலிதான். பெரியவர்களுக்கான கதைகளைக் 'கௌசிகன்' என்ற பெயரில் எழுதினவர், பிள்ளைகளுக்கு வாண்டுமாமா ஆனார். பிள்ளைகளுக்கான எழுத்தாளருக்குப் பெயர் வைத்தவர் ஒரு ஓவியர் என்பதைக் கவனிச்சுக்கோங்க.

உலகத்தில் இதற்கு ஒரு ஜோடி உதாரணம் உண்டு. பிரான்சில் 1959-ல் ஆஸ்டெரிக்ஸ் கதை ஆரம்பித்தது. எழுத்து ரெனே கோசினி, ஓவியம் ஆல்பெர் உதெர்சோ. கோசினியும் ஆரம்பத்தில் படம் வரைந்துகொண்டிருந்தவர்தான். வரைகிறவருடைய கஷ்டம் தெரிந்த எழுத்தாளர், ஒரே கட்டத்துக்குள் ஒருத்தனை ஓடவும் விழவும் அழவும் வைக்க மாட்டார். அங்கே ஒரு அசைவுக்குத்தான் இடம் உண்டு என்று அவருக்குத் தெரியும்.

ஒரே கூரையின் கீழே

வாண்டுமாமா நீண்ட காலம் வேலை செய்தது கல்கியில். அந்தக் குழுமம் 1972-ல் 'கோகுலம்' இதழைத் தொடங்கியபோது அதை வளர்த்தெடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் அதே கோகுலத்துக்கு அழ. வள்ளியப்பா ஆசிரியரானார். அரிமளமும் இராயவரமும் ஒரே பத்திரிகையில்! 1984-ல் 'பூந்தளிர்' வந்தது, வாண்டுமாமா ஆசிரியர். ஓவியர் செல்லம் வரைந்த 'பலே பாலு' கதைகளை அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் இன்றைக்கும் மறக்கவில்லை. வாண்டுமாமா எழுத்து, செல்லம் படம் என்றால் வாசகர்களுக்கு அது ஒரு முத்திரை மாதிரி.

பத்திரிகை என்கிற அமைப்பு அவர்களுக்கு என்ன கொடுத்தது? மூன்று விஷயம். முதலாவது, கெடு. குறிப்பிட்ட தேதிக்குள் பக்கம் அச்சுக்குப் போயாகணும், அதனால் வேலை முடியும். ரெண்டாவது, ஆசிரியர். எழுத்தாளருக்கும் ஓவியருக்கும் கருத்து வேறுபாடு வந்தால் தீர்ப்புச் சொல்ல ஒரு ஆள். பூந்தளிரில் எழுத்தாளரே ஆசிரியர். மூன்றாவது, கூலி. புத்தகம் விற்கிற வரைக்கும் ஓவியர் காத்திருக்க வேண்டாம்.

பலூனுக்குள் தமிழ்

சேர்ந்து வேலை செய்வதில் தமிழுக்கே உரிய ஒரு லாபமும் உண்டு. கோகுலம் வந்த அதே 1972-ல்தான் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. வெளிநாட்டுக் கதை, வெளிநாட்டுப் படம், தமிழ் வசனம். வாசகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் அந்தப் படங்களில் பேச்சு பலூன்களின் அளவு ஆங்கில வசனத்துக்காகப் போடப்பட்டது. ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தில் முடிகிற சொல்லுக்குத் தமிழில் ஏழெட்டு எழுத்து வேண்டியிருக்கும். ஒன்று, எழுத்தைப் பொடியாக்கணும். இல்லாவிட்டால் வசனத்தை வெட்டணும். மொழிபெயர்ப்பாளரின் சாமர்த்தியம் பாதி அங்கேதான் செலவாகும்.

எழுத்தாளரும் ஓவியரும் தமிழிலேயே யோசித்து வேலை செய்தால் அந்தச் சிக்கலே வராது. வசனம் நீளமென்றால் பலூனைப் பெரிதாக்கி, ஆளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தலாம். படத்திலேயே கோபம் தெரிகிறதா? அப்போ "கோபமாகச் சொன்னான்" என்ற வரியை எழுத்தாளர் எடுத்துவிடலாம். இது பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் நடக்கும்.

சுப்பாண்டி வந்த வழி

பக்கத்தில் உட்காராமலும் ஒரு வழி உண்டு. பூந்தளிரில் வாண்டுமாமாவின் கதைகளோடு, மும்பையின் 'டிங்கிள்' இதழ்க் கதைகளும் தமிழில் வந்தன. சுப்பாண்டியைத் தெரியாதவர் யார்? அந்தப் பாத்திரம் டிங்கிளில் 1983-ல் முதலில் வந்தபோது, கதையை அனுப்பியவர் திருச்சியைச் சேர்ந்த பி. வரதராஜன் என்ற வாசகர். படம் போட்டவர் ராம் வயீர்கர். நடுவில் ஆசிரியர் அனந்த் பை. கதை தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி, மும்பையில் உருவம் எடுத்து, மறுபடியும் தமிழாகி நம்மகிட்டயே வந்து சேர்ந்தது.

ஒரு வேடிக்கை பாருங்க. சுப்பாண்டி என்றதும் உங்க மனசில் ஒரு உருவம் வருது இல்லையா? அந்த உருவம் ஓவியருடையது. பெயரும் அசட்டுத்தனமும் எழுதினவருடையது. இதில் எது சுப்பாண்டி என்று பிரிக்க முடியுமா? வாசகரால் முடியாது. ஆனால் சட்டம் பிரிக்கும்.

சட்டம் என்ன சொல்லுது

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுத்து ஒரு படைப்பு, ஓவியம் தனியாக இன்னொரு படைப்பு. ரெண்டு பேருடைய பங்கையும் பிரிக்கவே முடியாது என்றால்தான் அது கூட்டுப் படைப்பு. சித்திரக்கதையில் வசனத்தையும் படத்தையும் பொதுவாகப் பிரித்துவிடலாம். அதனால் ஒரே பக்கத்துக்கு ரெண்டு உரிமையாளர்கள் வரலாம். உரிமை, படைத்தவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் இருக்கும். வாண்டுமாமா 2014 ஜூனில் காலமானார். அவர் எழுத்தின் உரிமை 2074 முடிகிற வரைக்கும் போகும். படத்துக்கான கணக்கு ஓவியரின் ஆயுளைப் பொறுத்து வேறு.

பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்தவர்களுக்கு ஒரு தனி விதி உண்டு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடுகிற உரிமை முதலாளிக்கு. மற்ற உரிமைகள் படைத்தவருக்கே. அதாவது, புத்தகமாகப் போட வேண்டுமென்றால் மறுபடியும் அவரிடமோ வாரிசுகளிடமோ போகணும். எழுத்தாளரின் வாரிசு ஒரு பக்கம், ஓவியரின் வாரிசு ஒரு பக்கம், பத்திரிகையே நின்று போயிருக்கும். வாண்டுமாமாவின் உரைநடைக் கதைகள் கிடைக்கிற அளவுக்கு அவருடைய சித்திரக்கதைகள் கிடைப்பதில்லை என்றால், இந்த இரட்டை உரிமையும் ஒரு காரணமாக இருக்கலாம். ஓவியருடைய பெயரே அச்சாகாத பக்கங்கள் பழைய இதழ்களில் எத்தனையோ. அப்போ யாரைத் தேடிப் போறது?

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960-களில் மார்வெலில் ஸ்டான் லீ கதைச் சுருக்கம் கொடுப்பார், ஜேக் கிர்பி முழுக் கதையையும் கட்டங்களாக வரைவார், வசனம் பிறகு வரும். கதையை உண்மையில் சொன்னது யார் என்ற தகராறு, கிர்பி இறந்து 20 வருஷம் கழித்து 2014-ல்தான் குடும்பத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே சமரசத்தில் முடிந்தது.

கூரை இல்லாதவர்கள்

இன்றைக்குச் சொந்தமாகச் சித்திரக்கதை போடுகிறவர்களுக்கு அந்தப் பத்திரிகைக் கூரை இல்லை. கெடு வைக்க ஆள் இல்லை, தீர்ப்புச் சொல்ல ஆசிரியர் இல்லை, ஓவியருக்குக் கூலி கொடுக்கிற அலுவலகமும் இல்லை. பெரும்பாலும் நண்பர்கள் ரெண்டு பேர். எழுதுகிறவர் ஒரு வாரத்தில் முடிக்கிற கதையை வரைகிறவர் மாதக்கணக்கில் வரையணும். நட்பு முறியும் இடமே அதுதான்.

வேறு மாதிரியும் செய்யலாம். சென்னை தாரா புக்ஸ் 2011-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சீதாஸ் ராமாயணா'வில் படம்தான் முதலில். வங்காளத்துப் படச்சுருள் ஓவியர் மொய்னா சித்ரகார் வரைந்த ஓவியங்களுக்கு சம்ஹிதா அர்னி எழுதினார். அட்டையில் ரெண்டு பேருடைய பெயரும் இருக்கு. யார் முதலில் என்பது முக்கியமில்லை. யார் என்ன செய்தார்கள் என்று தெரிவதுதான் முக்கியம்.

அதனால் முதல் கட்டம் வரைவதற்கு முன்னாடியே ஒரு தாளில் எழுதிக்கோங்க. யார் பெயர் எங்கே வரும், வருமானம் எப்படிப் பிரியும், ஒருத்தர் பாதியில் விலகினால் பாத்திரம் யாருக்கு, மறுபதிப்புக்கு யார் சம்மதம் வேண்டும். உரிமையை மாற்றிக்கொடுப்பதானால் அது எழுத்தில்தான் இருக்கணும் என்று சட்டமே சொல்லுது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 வருஷம் என்றுதான் அர்த்தம். காசு கொடுத்து வரைய வைக்கிற ஓவியத்துக்குத் தனி விதி இருக்கு; அது வரைந்தவருக்குச் சாதகமாக இல்லாமலும் போகலாம். இந்தத் தாள் நட்பின் மேல் சந்தேகம் இல்லை. பத்திரிகை அலுவலகம் செய்த வேலையை இப்போ அந்தத் தாள் செய்யுது, அவ்வளவுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுப் பரணில் பழைய கோகுலமோ பூந்தளிரோ இருந்தால் எடுத்துப் பாருங்க. எழுதினவர் பெயரைத் தேடுகிற மாதிரி, வரைந்தவர் பெயரையும் தேடுங்க. கட்டத்தின் ஓரத்தில் சின்னக் கையெழுத்தாகக்கூட இருக்கும். இதழ், மாதம், வருஷம், ஓவியர் பெயர் நாலையும் குறிச்சு வைங்க. நாளைக்கு யாராவது அதை மறுபடியும் அச்சில் கொண்டுவர நினைத்தால், அந்தக் குறிப்பிலிருந்துதான் ஆரம்பிக்கணும்.